ஒரு கணக்குப் பெட்டியும் ஆறு எனாமல் தட்டும்: காரைக்குடிப் பழைய சாமான்கள் வந்த வழி

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த இழுவைகளையும் ரிப்பீட்டுகளையும் எடுத்துவிட்டு, சில இடங்களில் வருஷங்களைச் சரிபார்த்துச் சேர்த்திருக்கிறேன்.)

போன மாசம் எபிசோட் ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வீடு மாறினோம், அதான் காரணம். மதுரையில் சொந்தமா ஒரு ஃபிளாட். லோன் போக, ரெஜிஸ்ட்ரேஷன் போக, வீட்டை அலங்கரிக்கக் கையில் மிஞ்சினது நாற்பதாயிரம் ரூபாய். ஒரு இன்டீரியர் ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்ன தொகையில் ஹாலில் ஒரு டிவி யூனிட் மட்டும்தான் வரும்னு புரிஞ்சது.

அதனால ஒரு சனிக்கிழமை காலையில் நானும் அம்மாவும் காரைக்குடிக்குப் பஸ் ஏறினோம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையா இருக்கும், கேள்விப்பட்டிருப்பீங்க. சாயங்காலம் திரும்பும்போது எங்க கையில் இருந்தது ஒரு மரக் கணக்குப் பெட்டி (8,500 ரூபாய்), ஒரு பழைய தேக்கு ஜன்னல் சட்டம் (4,000), ஆறு எனாமல் தட்டு (ஒண்ணு 450), ஒரு பித்தளைச் செம்பு (900). மொத்தம் 16,100 ரூபாய். பஸ்ஸில் ஜன்னல் சட்டத்துக்குத் தனி டிக்கெட் கேட்டாங்க, அது வேற கதை.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாங்க. செம்பைத் திருப்பிக் கழுத்துப் பக்கம் தடவினாங்க. அதில் புள்ளி புள்ளியா எழுத்து வெட்டியிருந்தது. நாலு இனிஷியல், அதுக்குப் பின்னாடி ஒரு பேர். "இது யார் வீட்டுச் செம்புடா? வித்துட்டுப் போறளவுக்கு அவங்களுக்கு என்ன ஆச்சு?"

என்கிட்ட பதில் இல்லை. இந்த எபிசோட் அந்தக் கேள்விக்குத் தேடினதுதான்.

பணம் வந்த வழி

அந்தத் தெருவில் பத்து நிமிஷம் நடந்தா ஒரு உலக வரைபடமே தெரியும். எனாமல் தட்டுக்குப் பின்னாடி ஸ்வீடனின் கோக்கும்ஸ் கம்பெனி முத்திரை. பக்கத்தில் பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூ டைல், பர்மா அரக்குச் சாமான். சுத்தி இருக்கிறதோ வானம் பார்த்த பூமி. கடல் பக்கத்திலும் இல்லை, ஆறும் இல்லை. அப்புறம் எப்படி இதெல்லாம் இங்கே வந்தது?

ஒரே வார்த்தையில் சொல்லணும்னா, அரிசி. 1852-ல் பிரிட்டிஷ்காரங்க கீழ் பர்மாவைப் பிடிச்சாங்க. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காடாவும் சதுப்பாவும் கிடந்த நிலத்தை விவசாயிகள் வயலாக்கினாங்க. அதுக்குக் கடன் வேணும். பெரிய ஐரோப்பிய வங்கிகள் கிராமத்து விவசாயிக்குக் கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில் போனவங்க நகரத்தார், நாம பொதுவா செட்டியார்னு சொல்றவங்க. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி, பர்மாவில் அப்போ சுமார் 1,650 செட்டியார் கடைகள். முதலீடு சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடிங்கிறதை மறந்துடாதீங்க.

இந்தக் 'கடை'யில் சாமான் எதுவும் இருக்காது, அது கொடுக்கல் வாங்கல் கடை. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கின்னு நீளமான கூடங்கள். ஒரே கூடத்தில் பல கம்பெனிகள் இருக்கும். நடுவில் சுவர் கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தரையில் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி. அந்த இடத்துக்குப் பேரே பெட்டியடி. பெட்டிக்குப் பின்னாடி யார் உட்கார்ந்திருக்காரோ, அவர்தான் அந்தக் கம்பெனியின் முகம். நம்ம ஆபீஸில் ஹாட் டெஸ்க் ஹாட் டெஸ்க்னு சொல்றாங்களே, அதை நூறு வருஷம் முன்னாடியே பண்ணிட்டாங்க.

நான் வாங்கின கணக்குப் பெட்டி ரங்கூன் போய்ட்டு வந்ததான்னு நிரூபிக்க வழி இல்லை. ஆனா சாய்வான மூடி, உள்ளே மைக்கூட்டுக்கும் சில்லறைக்கும் தனித்தனி அறைன்னு அமைப்பு அந்த வேலைக்கே ஆனது.

வீடு ஏன் அவ்வளவு பெருசு, சாமான் ஏன் அவ்வளவு

சம்பாதிச்ச பணம் ஊருக்கு வந்தது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் அரண்மனை மாதிரி வீடுகள் எழும்பின. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவில் ஆரம்பிச்சு அடுத்த தெருவில் முடியும். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலி மார்பிள் தரை. சுண்ணாம்போட கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அடுக்கடுக்கா பூசின சுவர் இன்னிக்கும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு.

இந்த வீட்டை ஆடம்பரம்னு மட்டும் பார்த்தா தப்பு. அதுக்கு ஒரு லாஜிக் இருக்கு. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி'. வளவைச் சுத்தி இருக்கிற அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பங்கு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர் சாமான் எல்லாம் அங்கே பூட்டி வைப்பாங்க. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், எனாமல், மங்குச் சாமான்னு டஜன் கணக்கில். நூறு பேர் வந்து தங்குற கல்யாணத்துக்குத் தேவைப்படுமே. எல்லாத்திலும் பேர் வெட்டியிருக்கும், ஏன்னா விசேஷத்துக்கு எல்லார் பாத்திரமும் ஒண்ணா கலந்துடும். திரும்பப் பிரிக்கணும்ல? எங்க செம்புக் கழுத்தில் இருந்த எழுத்து அதுதான்.

இன்னொண்ணு. எல்லாமே இறக்குமதி இல்லை. நான் ரொம்ப ரசிச்சது இதைத்தான். வெளிநாட்டு டைல் பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல் இருக்கும். அது சூளையில் சுடாத டைல். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வெச்சு, அச்சுக்குள்ள கலர் சிமெண்ட் ஊத்தி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, சில நாள் தண்ணியில் ஊற வெச்சு வெயிலில் காய விடுவாங்க. கண்ணாடியில் பட்ட பக்கம் பளபளன்னு வந்துடும். கரண்ட் வேண்டாம், அடுப்பு வேண்டாம்.

சுவருக்கு ரவிவர்மா படம். 1894-ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பிச்ச பிறகு சாமி படம் சாதாரண வீட்டுக்கும் எட்டுற விலைக்கு வந்தது. அந்த அச்சுப் படத்து லட்சுமிக்கு வீட்டுப் பெண்கள் ஜரிகையும் சம்கியும் ஒட்டிப் புடவை கட்டிவிடுவாங்க. அதே கைகள் பனை ஓலையில் கொட்டான் முடையும். அந்தப் பெரிய வீடுகளுக்குள்ளேயே நாம இப்போ டிஐஒய்னு சொல்ற வேலை நடந்துட்டுத்தான் இருந்திருக்கு.

காலியான கதை

1930-ல் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே போச்சு. விவசாயியால் கடன் கட்ட முடியலை. அடமானம் வெச்ச நிலம் கடன் கொடுத்தவங்க கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம்.

இந்த நம்பரில் ஒரு நிமிஷம் நிக்கணும். செட்டியார்களுக்கு அந்த நிலம் வேண்டாம். அவங்களுக்கு வேண்டியது சுத்திக்கிட்டே இருக்கிற பணம். உள்ளூர் வட்டிக்காரர்களைவிட இவங்க வட்டி பொதுவா குறைவும்கூட. ஆனா காட்டை வெட்டி வயலாக்கின ஒரு பர்மிய விவசாயி பக்கத்தில் நின்னு பாருங்க. அவனுக்கு நிலம் போச்சு, அவ்வளவுதான். கானாடுகாத்தான் தேக்குத் தூணில் அவன் உழைப்பும் இருக்கு. செட்டிநாட்டு வீட்டைச் சுத்திக் காட்டுறவங்க பெரும்பாலும் இதைச் சொல்றதில்லை.

1941 டிசம்பர் 23. ரங்கூன் மேல ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் ஊர் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியா, மலை வழியா நடந்தே அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் வந்தாங்க. காலராவிலும் பசியிலும் பல ஆயிரம் பேர் வழியிலேயே செத்தாங்க. வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்த அனுபவத்தை 'எனது பர்மா வழி நடைப்பயணம்' என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார். கிடைச்சா கண்டிப்பா படிங்க.

1948-ல் பர்மா சுதந்திரம், அதே வருஷம் நில தேசியமயச் சட்டம். 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி. 1963-ல் வங்கிகளும் 1964-ல் கடைகளும் அரசுடைமை. ஐம்பது, நூறு கியாத் நோட்டும் 1964-ல் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க.

இங்கே ஊரில் வீடு அப்படியே நின்னது. ஆனா வருமானம் நின்னு போச்சு. வீடு ஒண்ணு, புள்ளிகள் கூடிக்கிட்டே போகும். மூணு தலைமுறையில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளி. ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் மலேசியாவில், ஒருத்தர் அமெரிக்காவில். ஓடு மாத்தணும்னாக்கூட எல்லாரும் சரின்னு சொல்லணும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, நாற்பது பேர் அப்ரூவ் பண்ணாத வரைக்கும் ஒரு பக் ஃபிக்ஸும் போகாத ப்ராஜெக்ட். அதுக்குள்ள மழைத்தண்ணி இறங்கிடும். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கிற ஒரே விஷயம், வித்துடலாம்ங்கிறதுதான். அறையில் பூட்டின சாமான் முதலில் தெருவுக்கு வரும். அப்புறம் கதவு. கடைசியில் தூண்.

கடைக்காரர்கிட்ட இதைக் கேட்டேன். "அண்ணே, நீங்க வாங்குறதாலதானே வீட்டை இடிக்கிறாங்க?" அவர் கோவிச்சுக்கலை. "தம்பி, நாங்க போறப்ப பாதி வீடு தானாவே விழுந்து கிடக்கும். நாங்க எடுக்கலைன்னா அந்த நிலைக்கதவு செங்கல் சூளைக்கு விறகாப் போகும். ஆனா ஒண்ணு, நல்ல விலை வரும்னு தெரிஞ்சதாலயே இடிச்ச வீடும் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்." அவர் சொன்ன ரெண்டு பாதியும் உண்மைன்னுதான் எனக்குத் தோணுது.

சாமான் இல்லாம வந்தவங்க

இப்போ எங்க அப்பத்தா கதை. அவங்களும் பர்மாவில் பிறந்தவங்கதான். ஆனா செட்டியார் வீடு இல்லை. அவங்க அப்பாவுக்கு ரங்கூன் ஓரத்தில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. 1964-ல் ஒரு நாள் காலையில் கடைக்கு முன்னாடி ஆளுங்க வந்து நின்னு, இனிமே இது அரசாங்கத்துக் கடைன்னு சொல்லிட்டாங்களாம். அடுத்த வருஷம் கப்பலேறி மெட்ராஸ். அப்போ அப்பத்தாவுக்குப் பதினாறு வயசு. ஏறுறதுக்கு முன்னாடி சோதனையில் காதுத் தோட்டைக் கழட்டச் சொன்னாங்களாம். ஆறு பேருக்குச் சேர்த்து ஒரு தகரப் பெட்டி.

அப்படி வந்தவங்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி வந்தது, காரைக்குடியிலும்கூட. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரில் 1969-ல் பர்மா பஜார் வந்தது. அங்கே பக்கத்தில் சாப்பிடுற அத்தோவும் அவங்க கொண்டு வந்ததுதான்.

மியூசியத்திலும் பழைய சாமான் கடையிலும் நாம பார்க்கிறது, கொண்டு வர முடிஞ்சவங்க கொண்டு வந்த பொருள். கொண்டு வர முடியாதவங்களுக்குக் கடைத்தெரு கிடையாது. பர்மாவைப் பத்தி நம்ம ஞாபகத்தில் தேக்கும் மார்பிளும் இருக்கிற அளவுக்குத் தகரப் பெட்டி இல்லாம போனதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"உங்க வீட்டுச் சாமான் ஏதாவது இருக்கா அப்பத்தா?"ன்னு கேட்டேன். "இருந்தா நீ ஏன் காரைக்குடி போகப் போற?"ன்னாங்க.

நான் பண்ணின வேலை, நான் பண்ணின தப்பு

ஜன்னல் சட்டம் சுலபமா முடிஞ்சது. சோப்புத் தண்ணியில் துடைச்சு, ரெண்டு நாள் நிழலில் காய வெச்சு, பின்னாடி கண்ணாடி கடைக்காரர்கிட்ட முகம் பார்க்கிற கண்ணாடி வெட்டிப் பொருத்தினேன். ஆளி விதை எண்ணெயை மெலிசா தேய்ச்சேன். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் நனைஞ்ச துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காய வெச்சுத்தான் குப்பையில் போடணும்.

எனாமல் தட்டுகள் சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் இருக்கு. எனாமல்னா இரும்பு மேல கண்ணாடிப் பொடியைச் சுமார் 800 டிகிரியில் உருக்கி ஒட்டின பூச்சு. அதனாலதான் எண்பது வருஷம் ஆனாலும் நிறம் மங்காது. ஆனா பழைய வண்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம். சுவரில் மாட்டுங்க, சாப்பிடாதீங்க. பூஜை இடத்துக்கு மட்டும் கொஞ்சம் ஆத்தங்குடிக் கல், புதுசா வாங்கினது, 4,200 ரூபாய். போக்குவரத்து, கண்ணாடி, கொத்தனார் கூலி எல்லாம் ஒரு ஆறாயிரம். நாற்பதாயிரத்தில் பதிமூணாயிரத்துக்கு மேல மிச்சம்.

கணக்குப் பெட்டியில்தான் சொதப்பினேன். வீடியோ ஒண்ணு பார்த்துட்டு, சொரசொரப்பான உப்புத்தாள் வாங்கி மூடியின் உள்பக்கத்தை மடமடன்னு தேய்ச்சேன். கருப்பா அழுக்கு மாதிரி இருந்தது போய்க்கிட்டே இருந்தது. முக்கால்வாசி தேய்ச்சப்புறம்தான் அப்பா வந்து பார்த்து, "டேய், அது அழுக்கு இல்லடா, எழுத்து"ன்னார்.

மையில் எழுதின தமிழ் எண்கள். ௧, ௨, ௩ன்னு நாம பாடப் புத்தகத்தில் மட்டும் பார்க்கிற எண்கள். செட்டியார் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கும். யாரோ ஒரு கணக்கப்பிள்ளை அவசரத்துக்கு மூடியில் ஏதோ குறிச்சு வெச்சிருக்கார். வட்டியா, தேதியா, வீட்டுக்கு அனுப்பின பணமா, இனிமே தெரியவே தெரியாது. என்கிட்ட இருக்கிறது கடையில் எடுத்த ஒரு மங்கலான போட்டோ. அதில் மூணு எண் மட்டும் படிக்க முடியுது. தினமும் ஆபீஸில் பேக்கப் எடுக்காம எதையும் டெலீட் பண்ணாதேன்னு ஜூனியர்களுக்குச் சொல்றவன் நான்.

இருநூறு ரூபா மிச்சம் பண்ணி எதையோ தானே செய்யுற சந்தோஷத்தில் ஒரு ஆவணத்தை அழிச்சிருக்கேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

நீங்க போனா

அதனால சில விஷயங்கள். பழைய பொருள் எதையும் முதலில் நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுங்க. உலர்ந்த பிரஷ், அப்புறம் ஈரத் துணி, அதுக்கு மேல எதுவும் ஒரு வாரம் கழிச்சு. பேர், முத்திரை, லேபிள் எதையும் சுரண்டாதீங்க. தட்டு, பெட்டி, கொக்கி மாதிரி தனியா நிக்கிற பொருளை வாங்குங்க. வரிசையா ஒரே மாதிரி தூணும் நிலைக்கதவும் புதுசா வந்து இறங்கியிருந்தா, எந்த வீடுன்னு கேளுங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் வரும், வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. கல் சிலை, உலோகச் சிலை பக்கமே போகாதீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு கோயில் காலியாகியிருக்கலாம்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடிச்சது. சில வீடுகள் ஹோட்டலாகித் தப்பிச்சிருக்கு. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு முழு வீட்டையே பிரிச்சுக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க. எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

செம்பை என்ன பண்றதுன்னு வீட்டில் ஒரு வாரம் பேச்சு. அம்மாவுக்கு அடுத்தவங்க பேர் போட்ட பாத்திரத்தைப் புழங்க மனசில்லை. பாலிஷ் கடையில் கொடுத்தா பேரை மழிச்சுடலாம்னு பக்கத்து வீட்டில் ஐடியா கொடுத்தாங்க. நான் ஷோகேஸில் வைக்கலாம்னேன். கடைசியில் அப்பத்தாதான் புளி போட்டுத் தேய்ச்சு, தண்ணி பிடிச்சு, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வெச்சுக்கிட்டாங்க. "பேர் இருக்கட்டும். அவளும் ஒரு காலத்துல இதுல தண்ணி குடிச்சவதானே."

இப்போ தினமும் ராத்திரி அந்தச் செம்பை நிரப்பி வைக்கிறது என் வேலை.

உங்க வீட்டில் பேர் வெட்டின பாத்திரம் இருந்தா, அது யார் பேர்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட இந்த வாரமே கேட்டு, அந்தக் கதையை எனக்குக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.